நூல் பிரியாத பை

அந்தப் பையைக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி, பாத்துட்டுத் தாரேன். பிள்ளைக்கா? எத்தனாவது படிக்கு? ஆறாப்பா, சரி சரி. நான் மடியில வச்சுக்கிடுதேன், நீங்க காலை நீட்டி உக்காருங்க. இந்தா பாருங்க, முன்னால ஒரு ஜிப்பு. அதுக்குள்ள இன்னொரு ஜிப்பு. சைடுல ஒண்ணு. முதுகுப் பக்கம் யாருக்கும் தெரியாம ஒண்ணு. எதுக்கு இத்தன? ஆறாப்புப் பிள்ளை கடத்தல் தொழிலா பண்ணப் போவுது? வாரைப் பாருங்க, சுண்டுவிரல் தண்டி இல்ல. பொங்கலுக்குள்ள பிஞ்சிரும். கோவிச்சுக்கிடாதீங்க. பை விசயத்துல நான் கொஞ்சம் அப்படித்தான். ஒரு பையாலதான் நான் இன்னைக்கு வேலை வெட்டி இல்லாம இந்த பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

சஸ்பெண்டு. ஆமா, நான் பி.டி. வாத்தியார். ஞானராஜ் சார்னு சொன்னா சுத்துப்பட்டுல கைப்பிள்ளையும் அழுகைய நிறுத்தும். இன்னைக்கு ஜில்லா ஆபீஸ்ல விசாரணை. மாணவர் பாதுகாப்புக்கு ஊறு விளைவிச்சேன்னு எழுதியிருக்கானுவ. யாரு? நானு! வயிறு எரியுது அண்ணாச்சி. நான் அங்க போயி வேலையத் திருப்பிக் குடுங்கன்னு கெஞ்சப் போறதில்ல. வேலை கெடக்கு, சவத்த விடுங்க. நான் செஞ்ச பைய எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் போடுங்கன்னு கேக்கப் போறேன். மேல ரேக்குல துண்டுல சுத்தி வச்சிருக்கேன் பாருங்க, அதான். பெறவு காட்டுதேன். முதல்ல கதையக் கேளுங்க, அப்பதான் விளங்கும்.

எங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ஊருப் பிள்ளைய வரும். வடக்கூரு, தெக்கூரு. நடுவுல ஓடை, ஓடை மேல பாலம், பாலத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம். எந்த ஊர்ல எந்த ஆளுவன்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்கப்படாது. நம்ம பக்கத்து ஆளுதானே, உங்களுக்கே தெரியும். நான் ரெண்டுக்கும் பொது. எனக்கு வடக்கூரான் முதுகும் ஒண்ணுதான், தெக்கூரான் முதுகும் ஒண்ணுதான். பிரம்பு என்ன, யாரு முதுகுன்னு கேட்டுட்டா விழும்? அந்த விசயத்துல என்னைய ஒருத்தன் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

பயலுவ கையில கயிறு கட்டிட்டு வருவானுவ. வடக்கூரானுக்கு ஒரு கலரு, தெக்கூரானுக்கு ஒரு கலரு. நான் காலையில கேட்ல கத்திரிக்கோலோட நிப்பேன். கயித்த அறுத்துப் போட்டு, அறுத்த கையிலயே ரெண்டு வைப்பேன். வீட்ல போயிச் சொன்னா அப்பன்காரன் வந்து, 'இன்னும் ரெண்டு போடுங்க சார், கண்ணையும் மூக்கையும் விட்டுட்டு'ன்னு சொல்லிட்டுப் போவான். அது ஒரு காலம். இப்ப ஒரு பிள்ளைய முறைச்சுப் பாத்தாலே புகார் சொல்ல போன் நம்பர் எழுதிப் போட்டிருக்கானுவ செவுத்துல.

போன வருசம் பள்ளிக்கூடம் திறந்த புதுசு. இன்டர்வெல்லு. தண்ணித் தொட்டிகிட்ட ஒரே கூப்பாடு. என்னன்னு ஓடிப் பாத்தா, ஒரு பதினோராப்புப் பய கையில அரிவா வச்சிட்டு நிக்கான். நம்ம வீட்ல தேங்கா வெட்டுவோம்லா, அந்தத் தண்டி. எதிர்ல ஒருத்தன் தோளைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கான். விரல் சந்து வழியா ரத்தம் ஓடுது. தொட்டித் தண்ணியெல்லாம் செவந்து போச்சு. என்ன சண்டைன்னா, இவன் குடிச்ச டம்ளர அவன் கழுவாம எடுத்துட்டானாம். இதுக்கு! ரெண்டாவது வெட்டுக்குக் கைய ஓங்கிட்டான். நான் பாஞ்சு பிடிச்சேன். கைப்பிடிய பிடிக்கல அண்ணாச்சி, வெட்டுற வாயில பிடிச்சுட்டேன். இந்தா பாருங்க உள்ளங்கையில, இங்கேருந்து இங்க வரைக்கும். இன்னைக்கும் சோறு உருட்டினா விண்ணுன்னு தெறிக்கும்.

விட்டேனா அவன? கீழ போட்டு மிதிச்சேன். பிரம்பு பிளந்துட்டு. பெறவு பெல்ட்டைக் கழட்டினேன். என் கை ரத்தமும் அவன் மூக்கு ரத்தமும் ஒண்ணாக் கெடக்கு தரையில. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஓடிவந்து, 'சார், செத்துருவான் சார், விடுங்க சார்'னு என் சட்டையப் பிடிச்சு இழுத்தாவ. சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம். அன்னைக்கு நான் இல்லன்னா ஒரு கொலை விழுந்திருக்கும். அதை இப்ப ஒரு நாதி பேசமாட்டேங்கு.

அந்த அரிவா எங்க இருந்துச்சுன்னு நினைக்கீங்க? பையில. இந்தா இதே முதுகுப் பக்கத்து ஜிப்பு. பேப்பர்ல சுத்தி, அட்டைக்குப் பின்னால செருகி வச்சிருந்தான். முன்னால அம்மா கட்டிக் குடுத்த புளிச்சோறு, பின்னால அரிவா.

மறுநாள்ல இருந்து கேட்ல எல்லாப் பையையும் கவுத்துக் கொட்டச் சொன்னேன். நோட்டு, ஸ்கேலு, கொய்யாக்கா, கோலிக்குண்டு, அத்தனையும் மண்ணுல கெடக்கும். பொறுக்கி எடுத்துட்டுக் கிளாசுக்குப் போகையில ரெண்டாம் பீரியடு பெல்லு அடிச்சிரும். கணக்கு டீச்சரு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாவ. என்னடா செய்யன்னு மண்டைய உடைச்சுட்டு இருந்த சமயம் ஒரு நாள் மழையில ஆட்டோவுல வாரேன். டிரைவரு சைடுல அந்தக் கண்ணாடித் தாளை இறக்கி விட்டான். உள்ள இருந்தா வெளிய தெரியுது, வெளிய இருந்தா உள்ள தெரியுது. அட கூறுகெட்டவனேன்னு என் மண்டையில நானே அடிச்சுக்கிட்டேன். ஆட்டோவ நேரா சீட் கவர் கடை மைதீன் பாய்கிட்ட விடச் சொன்னேன், அந்தத் தாளுலயே பை தைக்க.

மைதீன் பாய் நல்ல தொழில்காரரு. கேட்டுட்டு, 'சார், இந்தத் தாளு தச்ச இடத்துலதான் பிரியும். ஊசி போன ஓட்டை வரிசையா நிக்கும், இழுத்தா தபால்தலை மாதிரி கிழிஞ்சு வந்துரும்'னாரு. நான் விட்டேனா? ஓரம் பூரா நாடாவ மடிச்சு வச்சு ரெட்டத் தையல் போடச் சொன்னேன். அடியில ரெக்சினு, ஈரத்துல வச்சாலும் புத்தகம் நனையாது. முதுகுக்குப் பஞ்சு, அதுல சின்னச் சின்ன ஓட்டை, வேர்வை நிக்கப்படாதுல்லா? பை இடுப்புக்குக் கீழ தொங்கப்படாது, தொங்கினா பிள்ளை கூனிப் போயிரும். வாருக்குப் பழைய இரும்புக் கடையில கார் சீட் பெல்ட்டு எடுத்தேன். மேல தூக்குற வளையமும் அதுலதான். பிய்க்கட்டும் பாப்போம் ஒருத்தன்!

இதுல முக்கியமா ஒண்ணு இருக்கு. சண்டைன்னு வந்தா பயலுவ முதல்ல என்ன செய்வான்? பையைக் கழட்டிச் சுத்தி வீசுவான். புத்தகம் நிறைஞ்ச பை மண்டையில விழுந்தா உசுரு நிக்குமா? பை கழண்டாத்தானல வீசுவ? நெஞ்சுக்குக் குறுக்க ஒரு வார் வச்சேன், அதுல ஒரு இரும்புக் கொக்கி. ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் திறக்கும். நிதானமா நிக்குறவனுக்குச் சட்டுனு வந்துரும். கோவத்துல கை நடுங்குறவனுக்கு வராது. எப்படி என் மூளை?

மாதிரிக்கு ஒண்ணு தச்சதும் சோதிச்சுப் பாத்தேன். செங்கல்லை நிரப்பி மாடியில இருந்து எறிஞ்சேன். வேப்பமரத்துல மாட்டி நானே தொங்கினேன். பள்ளிக்கூடத்துல பிடுங்கி வச்சிருந்த அரிவா ஒண்ணை எடுத்து ஓங்கி வெட்டிப் பாத்தேன். தாளுல கோடு விழுந்துச்சு, வாரு அறுபடல. மைதீன் பாய் பாத்துட்டு, 'சார், பிள்ளைய படிக்கப் போவுதா, பட்டாளத்துக்குப் போவுதா?'ன்னு கேட்டாரு. எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான் பாய்னேன்.

டிபன் பாக்சைச் சொல்லாம விட்டுட்டேனே! எல்லாப் பையிலயும் டிபன் பாக்ஸ் புத்தகத்து மேல படுத்துக் கெடக்கும். குழம்பு ஒழுகி நோட்டெல்லாம் மஞ்சளா நாறும். நான் அதுக்கு முன்னால தனி அறை வச்சேன். நெட்டுக்கு நிக்கும், அசையாது. எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகாது. என் பையில எனக்குப் பிடிச்சதே அதுதான்.

ரைஸ்மில் முதலாளி ஒருத்தர் எல்லாப் பிள்ளைக்கும் வாங்கிக் குடுத்தாரு. மேடை போட்டு எனக்குத் துண்டு போத்தினாவ. மறுநாள்ல இருந்து பழைய பையோட வந்தா கேட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டேன். சில பயலுவ நோட்டுக்கு மேல பேப்பரைச் சுத்திட்டு வந்தானுவ. கிழிச்சுப் போட்டு முட்டியில போட்டேன். பன்னெண்டாப்புப் பொட்டப்பிள்ளை ஒண்ணும் ஏதோ பேப்பர்ல பொதிஞ்சு வச்சிருந்துச்சு. என்னட்டி மறைக்கன்னு எல்லாரும் நிக்கையில பிடுங்கிப் பிரிச்சேன். பிரிச்ச பெறவுதான் என்னன்னு தெரிஞ்சுது. நானும் ரெண்டு பொட்டப்பிள்ளை பெத்தவன், எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. வாயைத் திறந்து 'சார், இது இன்னதுதான்'னு சொல்லியிருக்கலாம்லா? அதுக்குப் பெறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பக்கமே வரல. வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டாவளாம். அது வேற கதை.

ஆனா ஒண்ணு சொல்லணும். அரிவா வரல அண்ணாச்சி. ஒரு பிளேடு வரல. கேட்ல நின்னா அத்தனை பேரு வயித்துக்குள்ள இருக்கதும் எனக்குத் தெரியுது. பேப்பர்ல போட்டோ போட்டானுவ. பக்கத்து ஊரு ஹெட்மாஸ்டரு வந்து அளவெடுத்துட்டுப் போனாரு.

ஜன்னலைச் சாத்தட்டுமா? தூசி அடிக்குது. என் கண்ணு தூசி தாங்காது.

ஐப்பசி மாசம். காலையில கேட்ல நிக்கேன். ஒன்பதாப்பு இந்துமதின்னு ஒரு பிள்ளை வருது. வடக்கூரு. சத்தமில்லாத பிள்ளை, ரெட்டச் சடையும் அதுவுமா. முன்னால டிபன் பாக்ஸ் நிக்குது. பாத்திரத்துல பேரு வெட்டியிருக்குல்லா, கல்யாணச் சீருக்குப் புள்ளி புள்ளியா வெட்டுவாவளே. என் பையிலதான் எல்லாம் நெட்டுக்கு நிக்குமே, வாசல்ல மாட்டின போர்டு மாதிரி தெரியுது. வாசிக்கேன். 'தாய்மாமன் சுடலைமுத்து, தெற்கூர்'னு இருக்கு.

வடக்கூருப் பிள்ளை பையில தெக்கூருத் தாய்மாமன் பாத்திரம்! எனக்கு என்ன தோணும்? திருட்டு. நிறுத்திட்டேன். 'ஏட்டி, யாரு பாத்திரம் இது?'ன்னேன். தலையைக் குனிஞ்சு நிக்கா. 'எங்க எடுத்த?' அதுக்குள்ள பின்னால இருந்து இன்னொருத்தி ஓடி வாரா. மாரிக்கனி. அதே கிளாசு, தெக்கூரு. 'சார், அது எங்க வீட்டுப் பாத்திரம் சார். நான்தான் குடுத்தேன் சார்'ங்கா. அவ பையைப் பாத்தா அதுல வடக்கூருப் பேரு வெட்டின பாத்திரம் நிக்குது.

என்ன விசயம்னா, ரெண்டு பேரும் மாத்தித் திங்காளுவ. ஏழாப்புல இருந்தே இந்தக் கூத்து நடந்திருக்கு. இந்துமதி வீட்டு அவியல் மாரிக்கனிக்குப் பிடிக்கும், அவ வீட்டுக் கருவாடு இவளுக்குப் பிடிக்குமாம். முந்தின நாள் சாயந்தரம் பாத்திரம் மாறிப் போயிட்டு. பழைய பையா இருந்தா புத்தகத்துக்கு அடியில கெடந்திருக்கும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. என் பையில தெரிஞ்சுட்டு. அதுதான் என் பை!

சரி, திருட்டு இல்ல. ஆனா கேட்ல நிக்க பயலுவ எல்லாம் பாத்துட்டானுவ. ரெண்டு ஊர்க்காரப் பயலுவளும் ஒருத்தனை ஒருத்தன் பாக்கான். வடக்கூருப் பய ஒருத்தன், 'இந்துமதி கருவாடு'ன்னு கூவுதான். அவன் செவிட்டுல ஒண்ணு வச்சேன், சுருண்டு விழுந்தான். அந்த இந்துமதி என் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுதா. 'சார், வீட்டுக்குச் சொல்லிராதீங்க சார். எவ்வளவு வேணும்னாலும் அடிங்க சார். சித்தப்பாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க.' சொல்லிட்டுக் கைய நீட்டுதா. மாரிக்கனியும் பக்கத்துல வந்து நின்னு நீட்டுதா.

அடிச்சேன். ரெண்டு பேருக்கும் சமமா அடிச்சேன். ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய அடிக்கிற சோலி என்கிட்ட இல்ல. அடிச்சுட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

ஏன் முகம் அப்படிப் போவுது? நான் போடாம இருந்திருந்தா? பொட்டப்பிள்ளைய விசயம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, 'வாத்தியாரு பாத்துட்டு வாயை மூடிட்டு இருந்தாரா'ன்னு என்னையத்தானே கேப்பானுவ? அது போக, இப்படி ஒரு பையால வீட்டுக்காரவளுக்கு என்ன பிரயோசனம்னு அவியளுக்கும் தெரியணும்லா.

சித்தப்பா பேரு லிங்கதுரை. வேன் ஓட்டுதான். அப்பன் வெளிநாட்டுல, வீட்ல இவன்தான் எல்லாம். நான் என்னமோ சண்டியன் மாதிரி வருவான்னு பாத்தா, செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டுக் கைகட்டி நிக்கான். அம்புட்டு மரியாதை. நான் நடந்ததைச் சொன்னேன். பாத்திரத்தைக் காட்டினேன். பைய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கான். 'நல்ல காரியம் செஞ்சிருக்கீங்க சார். இல்லாட்டி எங்களுக்கு எங்க தெரியப் போவுது'ன்னான். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இத்தன வருசத்துல என் வேலையை அறிஞ்சு சொன்ன ஆளு அவன் ஒருத்தன்தான். மேல இருக்க வளையத்தைப் பிடிச்சு வெட்டி இழுத்துப் பாத்தான். 'கெட்டியா இருக்கே சார்.' 'மாட்டைக் கட்டி இழுத்தாலும் வராது'ன்னேன். கொக்கியையும் காட்டிக் குடுத்தேன்.

பிள்ளையைக் கூட்டிட்டுப் போனான். போகையில அது மாரிக்கனி இருந்த கிளாசு ஜன்னலைத் திரும்பிப் பாத்துச்சு.

அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சுன்னு பெறவுதான் தெரிஞ்சுது. 'எந்தக் கையால வாங்கித் தின்ன?'ன்னு கேட்டிருக்கான். வலது கைய அம்மிக்கல்லுல வைக்கச் சொல்லிக் குழவியைத் தூக்கிப் போட்டுட்டான். அம்மாக்காரி வாசல்ல நின்னு வாயில சேலையை வச்சு அடைச்சுட்டு நின்னாளாம். ரெண்டு விரலு போச்சு. அடிக்கிறதுக்கு ஒரு அளவு இருக்குல்லா? பிரம்புன்னா தழும்பு ஆறிரும், எலும்பைத் தொடப்படாது. அடிக்கத் தெரியாதவன்லாம் அடிக்க வந்தா இப்படித்தான். ஆனா அவிய வீட்டு விசயத்துல நான் என்னத்தப் பேச?

அதோட முடியும்னு பாத்தேன். முடியல. மறுநாள் சாயந்தரம் கடைசி பெல்லு அடிச்சாச்சு. பிள்ளைய கேட்டைத் தாண்டிப் போவுது. நான் உள்ள வாலிபால் நெட்டைக் கழட்டிட்டு நிக்கேன். ஒரு பைக்கு வந்துச்சு. லிங்கதுரை ஓட்டுதான், பின்னால ஒரு தடிப்பய. மாரிக்கனி பாலத்துப் பக்கம் நடந்து போறா. பைக்கு நிக்கல. பக்கத்துல போகையில பின்னால இருந்தவன் குனிஞ்சு அவ பையோட வளையத்தைப் பிடிச்சான். பிடிச்சதும் லிங்கதுரை முறுக்கினான்.

பிள்ளை மல்லாக்க விழுந்துட்டு. பைக்கு போவுது. பிள்ளையை இழுத்துட்டுப் போவுது அண்ணாச்சி. ரோடு எங்க ரோடு, ஜல்லி பேந்து கெடக்க ரோடு. வேற பையின்னா அங்கேயே பிஞ்சிருக்கும். இல்லன்னா பிள்ளை தோளைக் குலுக்கி வெளிய வந்திருக்கும். வரல. கொக்கியை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுக்குது. இழுத்தா திறக்காது, அமுக்கணும். பாவம், கை நடுங்குதுல்லா. 'சார்'னு கத்துச்சு. அம்மான்னு கத்தல, சார்னுதான் கத்துச்சு. நான் ஓடுதேன். இந்த வயசுல அப்படி ஓடினதில்ல. எனக்கு அழுகை வந்துட்டு, கண்ணு தெரியல, ஓடுதேன்.

பாலத்துத் திருப்பத்துல பஸ்ஸு வந்ததால பைக்கு தடுமாறிச் சாஞ்சுது. தடிப்பய அப்பவும் வளையத்தை விடல. நான் போயி அவன் மூஞ்சியில மிதிச்சேன், மிதிச்சுட்டு உக்காந்து கொக்கியைப் பிடிச்சேன். என் கையும் நடுங்குது. என்னாலயும் முடியல. நானே வச்ச கொக்கி, எத்தன தடவை திறந்து மூடியிருப்பேன், வரமாட்டேங்கு. பிள்ளை முழிச்சுப் பாத்துட்டே கெடக்கு. ஒரு பக்கம் முகத்துல தோலு இல்ல. கால் ஒண்ணு திரும்பிக் கெடக்கு. பஜ்ஜிக் கடை மாஸ்டரு வெங்காயம் வெட்டுற கத்தியோட ஓடிவந்து வாரைக் கரகரன்னு அறுத்தான். அவனுக்கும் சட்டுனு அறுக்க முடியல, பல்லைக் கடிச்சுட்டு அறுத்தான்.

அவ்வளவு இழுத்திருக்கே, ஒரு நூல் பிரியல அண்ணாச்சி. தாளுல கீறல் விழுந்துச்சு, அவ்வளவுதான். உள்ள இருந்த புத்தகத்துல ஒரு ஏடு கிழியல. டிபன் பாக்ஸ் நெட்டுக்கு நின்னுச்சு. இதை நான் போலீஸ்லயும் சொன்னேன், பேப்பர்காரன்கிட்டயும் சொன்னேன். எழுத மாட்டேங்கானுவ.

லிங்கதுரையை உள்ள வச்சாச்சு. தடிப்பய ஜாமீன்ல வந்து பாலத்துல உக்காந்து பீடி குடிக்கான். அவன்கிட்ட எவனும் ஒண்ணும் கேக்கல. என்னையத்தான் எல்லாரும் கேக்கான். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஸ்டாப் ரூம்ல எல்லாரும் இருக்கையில சொல்லுதாவ, 'அவன் தானாத் தேடி வரல சார். கூப்பிட்டது நீங்க. பிடிச்சு இழுக்க வளையத்தைக் காட்டிக் குடுத்ததும் நீங்க'ன்னு. நான் மேசையைத் தூக்கிக் கவுத்துட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய? அன்னைக்கு அரிவாளைக் கையில பிடிச்சது யாருன்னு கேக்கேன். அவியளா பிடிச்சாவ?

ரெண்டு ஊர்க்காரனும் சேர்ந்து என் பையை எல்லாம் பாலத்துல போட்டுக் கொளுத்தினானுவ. வடக்கூரானும் தெக்கூரானும் ஒண்ணா நின்னது என் சர்வீஸ்ல அன்னைக்கு ஒரு நாளுதான். அதுக்காவது எனக்கு நன்றி சொல்லணும்லா? கொளுத்தாம மிஞ்சினதுல டீக்கடைக்காரன் பன்னு வச்சுத் தொங்க விட்டிருக்கான். தெரியுதாம், ஈ போவலையாம். இன்னொருத்தன் பம்பு செட் மோட்டாருக்கு மாட்டியிருக்கான். மழைக்கு ஒரு சொட்டு இறங்கலன்னு என்கிட்டயே வந்து சொல்லுதான், விளங்காத பய.

மாரிக்கனி பையை மட்டும் நான் எடுத்து வச்சிருந்தேன். அறுத்த வாரோட மைதீன் பாய்கிட்ட கொண்டு போனேன். அவரு எழுந்திரிக்கக்கூட இல்ல. 'இதை என் கடைக்குள்ள கொண்டு வராதீங்க சார். எனக்கும் ஒரு பேத்தி இருக்கா'ன்னுட்டாரு. பேத்தி இருந்தா இன்னும் நல்லாத் தைக்கணும்லா? சரி போறாருன்னு கோணி ஊசி வாங்கி நானே வீட்ல உக்காந்து தச்சேன். ரத்தத்தை சோப்பு போட்டுக் கழுவினேன். நாடாவுல கொஞ்சம் கறை போவல. மத்தபடி புதுசு மாதிரி.

அதை எடுத்துட்டு, சாத்துக்குடியும் வாங்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சஸ்பெண்டு ஆனாலும் வாத்தியாரு வாத்தியாருதானே, என் பிள்ளையை நான் பாக்கணும்லா? பெண்கள் வார்டு. மூலையில கட்டிலு. காலுக்குக் கட்டு, முகத்துல பாதி பஞ்சு. கை ரெண்டும் முட்டி வரைக்கும் சுத்தியிருக்கு, விரல் நுனி மட்டும் வெளிய தெரியுது. அவ அம்மா ஸ்டூல்ல உக்காந்து கஞ்சி ஆத்திட்டு இருக்கா. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளை, ஒல்லி உடம்பு. என்னையப் பாத்து 'வாங்க'ன்னு சொல்லல, 'போங்க'ன்னும் சொல்லல. நான் கட்டில்கிட்ட போயி, 'மாரிக்கனி, சார் வந்திருக்கேன்'னேன்.

பிள்ளை கண்ணைத் திறந்துச்சு. என்னையப் பாத்துச்சு, கையில இருந்த பையைப் பாத்துச்சு. பெறவு அந்தக் கட்டுப் போட்ட கைய மெதுவாத் தூக்குச்சு. தூக்க முடியல, ஆடுது. இருந்தாலும் தூக்கி, எனக்கு நேரா நீட்டி, உள்ளங்கையைத் திருப்பி வச்சிட்டுக் கண்ணை மூடிக்கிடுச்சு.

நான் சாத்துக்குடிக்குத்தான் கைய நீட்டுதுன்னு நினைச்சு ஒண்ணை எடுத்தேன். அதுக்குள்ள அந்த அம்மா கஞ்சியைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு என் கன்னத்துல விட்டா. வார்டே திரும்பிப் பாக்கு. நர்சு நிக்கு, ஆயா நிக்கு. என் அப்பன்கூட என்னைய மூஞ்சியில அடிச்சதில்ல. அடிச்சா அண்ணாச்சி, அடிச்சிட்டு உக்காந்து கஞ்சியை எடுத்துக்கிட்டா. நான் திருப்பி அடிக்கல. அடிக்கத் தோணல. பழத்தைக் கட்டில்ல வச்சிட்டு, பையோட வந்துட்டேன்.

அடிச்சதுகூடப் போயிட்டுப் போவுது. பெத்தவ, வயித்தெரிச்சல்ல அடிச்சிட்டா. எனக்கு விளங்காதது வேற. ராத்திரியும் பகலும் அதையே நினைச்சுட்டுக் கெடக்கேன், எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டா எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிருதா. நீங்க விவரமான ஆளாத் தெரியுது, நீங்க சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்கல. அதட்டல. பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை எதுக்குக் கைய நீட்டுச்சு? என் கையில பிரம்புகூட இல்லையே.